சபைக் கொள்கையும் ஆசிரியர் கருத்தும் மக்கள் நம்பிக்கையும்

முன்னுரை

சமய நூல்களை ஆராய்வோர் முதற்கண் தெளிதற்குரியது ஒன்றுண்டு. ஒரு நூலிலோ சொற்பொழிவிலோ ஊர் வழக்கிலோ காணப்படும் கருத்து எவருடைய கருத்து என்பதே அது. அஃது அச்சமயத்தார் கூடி ஆய்ந்து உறுதிசெய்த கொள்கையாக இருக்கலாம். அச்சமயத்துள் சிறந்த ஆசிரியர் ஒருவர் தம் கல்வியாலும் பட்டறிவாலும் கண்ட கருத்தாக இருக்கலாம். அச்சமயத்தை மேற்கொண்ட மக்கள் வழிவழியாகப் போற்றிவரும் நம்பிக்கையாகவும் இருக்கலாம். இவ்வாறு வினவிப் பாராது மூன்றனையும் ஒன்றாக்கி, 'இச்சமயம் இவ்வாறு கூறுகிறது' என முடிவு கட்டுதல் நம் ஆராய்ச்சியுலகில் இன்றும் காணப்படும் குறையாகும்.

இக்குறையால் விளையும் தீங்கு சிறிதன்று. ஒருவர் செய்த பிழை ஒரு கூட்டத்தார் அனைவர் மேலும் ஏறும். ஒருவர் கண்ட நன்மை அதனை எதிர்த்த கூட்டத்தின் பெருமையாகவும் எழுதப்படும். மக்கள் எளிய மனத்துடன் செய்யும் வழிபாடு, அவர்கள் ஒருகாலும் படித்தறியாத ஒரு கோட்பாட்டின் விளைவாக விளக்கப்படும். ஆராய்ச்சி முறையிற் பிழை என்பதோடு அமையாது, மாந்தர்க்கு இழைக்கும் அநீதியாகவும் இது முடிகின்றது.

தமிழிலுள்ள கிறித்தவ இலக்கியத்தைப் பொருளாகக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விலக்கியத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. கொள்கைகளை எழுதி, ஆண்டு குறித்து, எவர் ஆணையால் வெளிவந்தது என்று பதிவு செய்யும் வழக்கம் கிறித்தவத் திருச்சபைகளில் மிகுதி. ஆதலின் மூவகைக் கூற்றையும் பிரித்துக் காண்டற்கு அங்குச் சான்று எளிதிற் கிட்டும். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் தொடங்கி, மதுரை தஞ்சை வழியாக அம்மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் முடிப்போம்.

மூவகைக் கூற்று

இவ்வேறுபாடு தமிழ் மரபிற்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'தன்கோட் கூறல்', 'பிறன்கோட் கூறல்' என்பன தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. தன் கொள்கையை உரைத்தலும் பிறன் கொள்கையை எடுத்துரைத்தலும் வேறு என்பதை நம் இலக்கண நூலார் தெளிவாக உணர்ந்திருந்தனர். நன்னூலார் கூறும் எழுவகை மதமும் அவ்வுணர்ச்சியின் விரிவேயாம். சிவஞான சித்தியார் பரபக்கம் சுபக்கம் என இருகூறாக அமைந்ததும் அதுபற்றியே. எனினும் இவ்வுத்திகள் நூலாசிரியன் கூற்றையும் பிறர் கூற்றையும் பிரிக்கும் அளவில் நிற்பன. ஒரே சமயத்தின் அகத்தே மூன்று நிலைகள் உள என்பதை நாம் மேலும் பிரித்துக் காணவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் வைணவத் திருப்பதிகள் நூற்றெட்டனுள் ஒன்று. அதன் ஆட்சி அகோபில மடத்தைச் சார்ந்தது. அம்மடம் வடகலை மரபினது. இறைவன் திருவடியில் அடைக்கலம் புகுதலாகிய சரணாகதி வைணவக் கொள்கை. அச்சரணாகதியில் உயிரின் முயற்சிக்கு இடமுண்டா, எத்துணை உண்டு என்பது பற்றி வடகலை ஆசிரியரும் தென்கலை ஆசிரியரும் மாறுபட்டு உரைத்தவை ஆசிரியர் கருத்து. அமாவாசையன்று அங்குத் திரளும் மக்கள், இறைவனை வைத்திய வீரராகவர் எனப் போற்றித் திருக்குளத்தில் வெல்லத்தை இட்டு, அது கரைவது போலத் தம் நோயும் கரையும் என வேண்டுகின்றனரே, அது மக்கள் நம்பிக்கை. குளத்தில் வெல்லம் இடுவோரைக் கண்டு, 'வைணவக் கொள்கையாவது வெல்லம் கரைத்தால் நோய் தீரும் என்பது' என்று எழுதினால் நகைப்பர். கிறித்தவத்தையும் இசுலாத்தையும் பற்றி எழுதும்போது மட்டும் இத்தகைய முடிவுகள் நகைப்பிற்கு இடமாகாமல் ஏற்கப்பட்டு விடுகின்றன.

பழவேற்காடும் ரொகேரியஸ் நூலும்

பழவேற்காட்டில் போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடியேறினர். அங்குள்ள மகிமை மாதா கோயில் 1515-இல் தோன்றியது என்பது அவ்வூர் மரபு. பின்னர் 1610-இல் ஒல்லாந்தர் அங்குப் பண்டகசாலை அமைத்தனர். 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமை நிலையமாக விளங்கியது பழவேற்காடே. கத்தோலிக்கரும், சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஒல்லாந்தரும், இந்துக்களும், இசுலாமியரும் அருகருகே வாழ்ந்த ஊராதலின் சமயக் கூற்றுகளை ஆராய்வார்க்கு இது தக்க களம்.

அக்கோட்டையில் 1632 முதல் 1642 வரை குருவாகப் பணிபுரிந்தவர் ஆபிரகாம் ரொகேரியஸ். பதுமநாபர் என்னும் அந்தணர் ஒருவருடன் போர்ச்சுக்கீசிய மொழி வாயிலாக உரையாடி, இந்நாட்டு அந்தணரின் வாழ்வையும் வழிபாட்டையும் பற்றி அவர் டச்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த வாயில் என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூல், ஆசிரியர் 1649-இல் மறைந்தபின், 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. அதன் முதற்பகுதி அந்தணர் ஒழுகலாற்றையும் இரண்டாம் பகுதி அவர்தம் நம்பிக்கையையும் வழிபாட்டையும் கூறும். பர்த்ருஹரியின் அறவுரைகளும் பதுமநாபர் துணையால் மொழிபெயர்க்கப்பட்டு உடன் சேர்க்கப்பட்டன. வடமொழி இலக்கியம் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியதற்கு மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

இந்நூல் நம் பொருளுக்கு இருவகையிற் பயன்படும். முதலாவது, நூலினுள் பல குரல்கள் கலந்துள்ளன. பதுமநாபர் உரைத்தவை ஒருவகை. ரொகேரியஸ் தாமே அப்பகுதியிற் கண்டவை மற்றொரு வகை. கண்டவற்றையும் கேட்டவற்றையும் பற்றி அவர் கொண்ட கருத்து மூன்றாம் வகை. பதிப்பிக்குங்கால் வேறொருவர் சேர்த்த குறிப்புகள் நான்காம் வகை. ஐரோப்பாவிற் பலர் நெடுங்காலம் இந்நூலை 'இந்தியப் புறச்சமயத்தின் கொள்கை' எனவே படித்தனர். ஆயினும் அதனுள் முதன்மையாகக் காணப்படுவது பழவேற்காட்டில் வாழ்ந்த கற்றவர் ஒருவர் தம் கல்விக்கு எட்டியவாறு உரைத்தது. அவ்வூர்க் கடலிலும் காயலிலும் மீன்பிடித்தோர் தம் தெய்வத்தைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை அவர் ஒருவர் வாய்மொழியால் முழுதும் அறிதல் இயலாது.

இரண்டாவது, ரொகேரியஸ் சார்ந்த சபையின் கொள்கையை அறிய விழைவார் இந்நூலை நாடுதல் பொருந்தாது. ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபைக்கு வேறு ஆவணங்கள் உள. 1561-ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கையும், 1563-ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடையும், 1618, 1619-ஆம் ஆண்டுகளில் டார்ட் நகரிற் கூடிய பேரவையின் தீர்மானங்களும் அச்சபையின் கொள்கை நூல்கள். ரொகேரியஸ் அச்சபையின் குருவே எனினும், இந்திய சமயம் பற்றி அவர் எழுதியது அவர்தம் ஆராய்ச்சி. குரு எழுதியதால் மட்டும் அது சபையின் வாக்கு ஆகிவிடாது.

இதனோடு ஒத்த நிகழ்ச்சி தரங்கம்பாடியிலும் உண்டு. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய பெருநூலை 1713-இல் எழுதி முடித்தார். அவரை ஆதரித்த ஹாலே நகரத்துப் பெரியோர் அதனை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது. ஆசிரியர் அரிதின் முயன்று கண்டதை அவரை அனுப்பியோரே ஏலாது ஒதுக்கிய இந்நிகழ்ச்சி, ஆசிரியர் கருத்தும் அமைப்பின் நிலையும் வேறுவேறு என்பதற்குப் போதிய சான்றாகும்.

நொபிலியின் முறையும் உரோமையின் முடிவும்

தத்துவ போதகர் என வழங்கும் இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரை வந்தார். காவியுடையும் மரக்கறி உணவும் மேற்கொண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தமிழ் உரைநடையில் ஞானோபதேசம் முதலிய நூல்களை இயற்றினார். தம்மால் கிறித்தவரான உயர்குலத்தார் பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் விடவேண்டுவதில்லை என்றார். இவை சமயச் சின்னங்கள் அல்ல, குல வழக்கங்கள் என்பது அவர் கருத்து. இதனைக் கொண்டு 'கத்தோலிக்க சமயம் தமிழ் மரபை ஏற்றது' என எழுதுவோரும், 'கத்தோலிக்க சமயம் சாதியை ஏற்றது' என எழுதுவோரும் உளர். இரு கூற்றும் ஆராய்தற்குரியன.

மதுரையிலேயே அவருக்கு முன்பிருந்து பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ், அவரும் ஏசு சபையினரே, நொபிலியின் முறையைக் கண்டித்து மேலிடத்திற்கு எழுதினார். இந்நாட்டுச் சடங்குகள் சமயத் தொடர்புடையன என நிறுவ 1616-இல் ஒரு நூலும் இயற்றினார். ஒரே ஊரில், ஒரே சபையில், ஒரே துறவற அமைப்பில் இருந்த இருவர் முற்றும் மாறுபட்ட கருத்தினர். இவருள் எவர் கூற்றைச் 'சபையின் கூற்று' என்பது? 1619-இல் கோவையில், அஃதாவது இக்காலத்துக் கோவா எனப்படும் நகரில், இது பற்றி நடந்த ஆய்வில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராக நின்றனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. பதினைந்தாம் கிரகோரி என்னும் பாப்பரசர் 1623 ஜனவரி 31-இல் அவ்வழக்கங்களை நிபந்தனையுடன் இசைந்து ஆணையிட்டார். மூட நம்பிக்கை சார்ந்தவற்றை நீக்கவேண்டும் என்பது நிபந்தனை. உயர்குலத்துக் கிறித்தவர் தாழ்ந்தோர் எனப்பட்டாரை இகழலாகாது என்னும் அறிவுரையும் அவ்வாணையில் உண்டு. அவ்வறிவுரையை விடுத்து இசைவை மட்டும் எடுத்துக்காட்டுவோர் பலர்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. பாப்பரசரின் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பதினாறு பிரிவுகளைக் கொண்ட ஆணை ஒன்று வெளியிட்டார். திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடலாகாது; பிள்ளையார் உருப் பொறித்த தாலி கூடாது; பெண் பூப்பெய்திய விழாவைக் கிறித்தவர் கொண்டாடலாகாது; நோயுற்ற தாழ்த்தப்பட்டோர் இல்லங்களுக்குக் குருமார் செல்லாதிருத்தல் கூடாது என்பன அவற்றுட் சில. ஏசு சபையார் முறையிட, வழக்கு மேலும் நாற்பது ஆண்டுகள் நீண்டு, பதினான்காம் பெனடிக்ட் 1744-இல் வெளியிட்ட ஆணையால் முடிந்தது. அவ்வாணை நொபிலி மரபினர் கைக்கொண்ட வழக்கங்களுட் பலவற்றை விலக்கியது. தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டையும் ஏற்றது. இவ்வழக்குப் பற்றிக் குருமார் எடுக்கவேண்டியிருந்த உறுதிமொழி 1940-இல் நீக்கப்பட்டது.

இவற்றால் அறியத்தக்கன இரண்டு. நொபிலி நூலிற் காண்பது நொபிலியின் கருத்து. அதனைச் சபை 1623-இல் ஓரளவு ஏற்று 1744-இல் பெரிதும் விலக்கியது. எனவே ஆண்டு குறிக்காமல் 'சபை ஏற்றது' என்றலும் 'சபை மறுத்தது' என்றலும் ஒருங்கே பிழையாம். மேலும் உரோமை விலக்கிய வழக்கங்கள் மக்களிடை மறைந்து விடவில்லை. தாலி, மஞ்சள், பூப்பு நீராட்டு முதலியன தமிழ்க் கிறித்தவரிடை இன்றும் பல்வேறு அளவில் நிலவுகின்றன. ஆணை ஓலையில் இருந்தது. வாழ்க்கை வீட்டில் நடந்தது.

தேம்பாவணி காட்டும் நான்காம் கூறு

காப்பியம் ஒன்றைச் சான்றாகக் கொள்ளும்போது ஆராய்ச்சி மேலும் நுணுகும். வீரமாமுனிவர் 1726-இல் இயற்றியது தேம்பாவணி. முப்பத்தாறு படலமும் 3,615 பாட்டும் உடைய அப்பெருங்காப்பியத்தின் தலைவர் சூசையப்பராகிய வளன். விவிலியத்தில் அவரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி மிகச் சிறிது. அங்ஙனமாகக் காப்பியம் விரிந்தமைக்குக் காரணம் என்ன?

முனிவர் தமக்கு முதனூல்களுள் ஒன்றாகக் கொண்டது இசுபானிய நாட்டு ஆகிரேதா நகரத்துத் துறவி மரியா எழுதிய நூல். 1602 முதல் 1665 வரை வாழ்ந்த அவ்வம்மையார், தமக்குக் காட்சியில் உணர்த்தப்பட்டதாக மரியன்னையின் வரலாற்றை விரித்தெழுதினார். 1670-இல் வெளிவந்த அந்நூலை உரோமை 1681-இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. இசுபானிய அரசரின் வேண்டுகோளால் அத்தடை விரைவில் நிறுத்திவைக்கப்பட்டது. பாரிசு நகரத்துச் சோர்பான் கல்லூரியார் 1696-இல் அதனைக் கண்டித்தனர். இவ்வாறு திருச்சபைக்குள்ளேயே வழக்கிற்கு இடமான நூல் அது. கத்தோலிக்கத் திருச்சபை விவிலியத்தாலும் திருத்தூதர் மரபாலும் வந்த பொது வெளிப்பாட்டையும், தனி ஒருவர்க்குக் கிடைத்ததாகக் கூறப்படும் தனி வெளிப்பாட்டையும் வேறுபடுத்தும். பின்னதை நம்பியே ஆகவேண்டும் என எவரையும் அது கட்டுப்படுத்துவதில்லை.

ஆதலின் தேம்பாவணியில் ஒரு செய்தியைக் கண்டவுடன் 'இது கத்தோலிக்கக் கொள்கை' எனல் ஆகாது. அச்செய்தி விவிலியத்திலிருந்து வந்ததா, திருச்சபை அறுதியிட்டதா, ஆகிரேதா அம்மையார் காட்சியிலிருந்து வந்ததா, முனிவர் தாமே படைத்ததா என நான்கு முறை வினவவேண்டும். அன்றியும், யூதேய நாட்டில் தமிழ்நாட்டு வயலும் வளமும் தோன்றுமாறு பாடும் பகுதிகள் கொள்கையும் அல்ல, நம்பிக்கையும் அல்ல. அவை காப்பிய மரபு. மேற்கூறிய மூன்றோடு இலக்கிய மரபு என்னும் நான்காம் கூறும் இலக்கிய ஆராய்ச்சியாளர் கருத்திற் கொள்ளத்தக்கது. இதனை மறந்தோர் புலவர் அணிநலத்தைச் சமயக் கோட்பாடாக விளக்கி இடர்ப்படுவர்.

காலக் கூறுபாடும் இங்கு நோக்கத்தக்கது. மரியன்னை கருவிலேயே பாவமின்றித் தோன்றினார் என்பதை ஆகிரேதா நூல் வற்புறுத்தியது. அதனை உரோமைத் திருச்சபை அனைவரும் ஏற்றற்குரிய விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854-இல். அன்னை உடலோடு விண்ணெய்தினார் என்பதை அறிவித்தது 1950-இல். தேம்பாவணி தோன்றிய 1726-இல் இவை பெரும்பாலார் போற்றிய பக்தியாகவும் ஆசிரியர் பலர் ஏற்ற கருத்தாகவும் இருந்தன. அறுதியிட்ட கோட்பாடாக இருந்தில. இன்றைய கோட்பாட்டைக் கொண்டு அன்றைய நூலை அளத்தல் உரைகாரர்க்கு எளிதில் நேரும் பிழை.

கண்டன நூல்களிற் கூடுதல் விழிப்பு வேண்டும். முனிவர் தரங்கம்பாடியாரை மறுத்து எழுதிய நூல் ஒன்றற்கு லுத்தேரினத்தியல்பு என்பது பெயர். சபை முழுமையும் அதனைத் தோற்றுவித்த ஒருவர் பெயரால் அங்குக் குறிக்கப்படுகின்றது. லுத்தர் எழுதியவை பலப்பல. அவற்றுள் அவர் வழியினரே ஏலாதனவும் உள. அச்சபையார் தம் கொள்கை எனக் கொண்டவை 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் அதனை உள்ளிட்டு 1580-இல் தொகுத்த நூலுமாம். மாற்றார் கொள்கையை மாற்றார் நூலாற் காணாது, கண்டன நூலாற் காண்போர் நிழலை அளந்து மரத்தின் உயரம் கூறுவாரை ஒப்பர்.

தஞ்சைச் சாதி வழக்கு

மூவகைக் கூற்றும் ஒன்றோடொன்று மோதிய இடம் தஞ்சை. சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரும், சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்றவருமான வேதநாயக சாத்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். பழைய மிஷனரிமார் காலத்தில் கோயிலில் வெவ்வேறு சாதியார் வெவ்வேறிடத்தில் அமர்ந்தனர். 1820-களில் வந்த புதிய மிஷனரிமார் இதனை ஒழிக்க முற்பட்டனர். சாத்திரியார் எதிர்த்தார். 1829-இல் தோன்றிய சாதியாசார சம்பாவனை அவர் தரப்பை எடுத்துரைப்பது. சாதி உலகியல் ஒழுகலாறே அன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று என்பதும், முன்னோர் இசைந்ததைப் பின்னோர் மறுத்தல் முறையன்று என்பதும் அவர் வாதம். கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றும் ஒழிதல் வேண்டும் என ஆணையிட்டார். அதனை ஏலாதார் பலர் விலகினர். அவருள் ஒரு சாரார் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தனர். அம்மிஷன் இப்பொருளில் மென்மையான போக்கை மேற்கொண்டிருந்தது.

இங்குச் சபையின் கொள்கை எது? ஆங்கிலிக்கத் திருச்சபையின் முப்பத்தொன்பது பிரிவுகளிலோ ஆக்ஸ்பர்க் அறிக்கையிலோ சாதி என்னும் சொல் இல்லை. அவை எழுந்த நாட்டில் அவ்வினா எழவில்லை. எழுதிய கொள்கை வாய் திறவாத இடத்தில் தலைவர்கள் தம்தம் கருத்தால் முடிவு செய்தனர். ஒருவர் இசைந்தார், ஒருவர் தடுத்தார். மக்கள் தம் வழக்கத்தையே சமயமாகக் கொண்டனர். இந்நிலையில் சாத்திரியார் நூலை 'கிறித்தவக் கொள்கை' என்றலும், வில்சன் ஆணையைக் கொண்டு 'கிறித்தவர் சாதியை விட்டனர்' என்றலும் ஒருங்கே உண்மைக்கு மாறாம்.

பிற்காலத்தில் சபைகள் வாய் திறந்தன. தமிழ்நாட்டு ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 2003-இல் உரையாற்றியபோது, சாதியுணர்வால் வரும் வேற்றுமை உண்மையான மாந்த ஒற்றுமைக்கு மாறானது என எடுத்துரைத்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித்து மக்கள் மேம்பாட்டிற்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆயினும் தனிக் கல்லறையும் தனித் தெருத் தேரும் பற்றிய வழக்குகள் தமிழ்நாட்டில் ஓய்ந்தபாடில்லை. கொள்கை மாறியதைக் கொண்டு வாழ்க்கை மாறிற்று எனக் கருதுதலும், வாழ்க்கை மாறாமை கண்டு கொள்கையே இல்லை எனக் கூறுதலும் பாதிக்கப்பட்டார்க்குப் பயன்படா. அவர்கள் தம் உரிமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டத் தக்கது சபை எழுதிவைத்த அக்கொள்கையே. அதனை மறைக்கும் ஆராய்ச்சி அவர்தம் கைக்கருவியைப் பறிப்பதாகும்.

மூன்றும் தம்முள் கலத்தல்

இம்மூன்றையும் பிரித்தல் வேண்டும் என்றோமே அன்றி, அவை என்றும் ஒட்டாதன என்றோமில்லை. மக்கள் நெடுங்காலம் போற்றிய பக்தி கோட்பாடாக உயர்தல் உண்டு; 1854-இல் நிகழ்ந்தது அதுவே. ஆசிரியர் கருத்து சபையின் முறையாதலும் உண்டு. நாட்டு மொழியிலும் நாட்டு மரபிலும் வழிபாடு அமையலாம் என்று 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கொண்ட முடிவில் நொபிலி கண்ட கனவின் சாயலைக் காணலாம். கோட்பாடு மக்கள் வழக்கைத் திருத்தலும், சிலபோது திருத்த இயலாது அமைதலும் உண்டு.

சபைகளும் தம் கூற்றுகளுக்குள் தாமே ஏற்றத்தாழ்வு வகுத்துள்ளன. அச்சங்கம் 1964-இல் வெளியிட்ட ஒன்றிப்பு ஆணை, கத்தோலிக்கக் கோட்பாடுகளுள் அடிப்படை உண்மையோடு கொண்ட தொடர்பிற்கேற்பப் படிவரிசை உண்டு எனக் கூறும். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, பழைய விசுவாசப் பிரமாணங்களின் அடிப்படை உண்மைகளை ஏற்கும்போதே, அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி ஒருவர் இசைந்தே ஆகவேண்டும் எனக் கட்டுப்படுத்தாது, தக்க அளவில் பொருள்கொள்ளும் உரிமையை விட்டுவைத்தது. மக்கள் பக்தியைப் பற்றியும் இத்தகைய தெளிவு உண்டு. காட்சி, புதுமை முதலியன பற்றி வத்திக்கான் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஒரு திருத்தலத்துப் பக்தி நன்று என இசைவு தருதல் வேறு, அங்கு நிகழ்ந்தது இயற்கை கடந்தது என அறுதியிடுதல் வேறு. பின்னதைப் பொதுவாகச் சபை செய்வதில்லை. மகிமை மாதாவிற்கும் வேளாங்கண்ணி மாதாவிற்கும் நேர்ச்சை செய்வோருள் கிறித்தவரல்லாதாரும் பலர். அவர்தம் நம்பிக்கையை எந்தச் சபையின் கொள்கை ஏட்டிலும் தேடிக் காணல் இயலாது. அதனால் அது மதிப்புக் குறைந்ததும் ஆகாது. அதற்குரிய சான்று மக்கள் வாய்மொழியே.

கும்மிடிப்பூண்டிக் களமும் ஆய்வாளர் கடமையும்

இனி முதுகலை மாணாக்கர்க்குப் பயன்படும் சிலவற்றைக் கூறி முடிப்போம். கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரும், வடமாநிலத்துத் தொழிலாளரும் வாழ்கின்றனர். இலங்கைத் தமிழர் முகாமும் அங்குண்டு. பழைய சபைகளின் கோயில்களோடு, வாடகை வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் கூடும் தனிச் சபைகளையும் தொழிற்பகுதிகளிற் காணலாம். இத்தகைய களத்திற் புகும் மாணாக்கர், போதகர் ஒருவர் உரையைப் பதிவுசெய்து அதனையே 'கிறித்தவக் கொள்கை' என எழுதுதல் எளிது.

ஒரு போதகர் நோயுற்றார் மருந்துண்ணலாகாது எனப் போதித்தார் என வைத்துக்கொள்வோம். அது சபையின் எழுதிய கொள்கையா, அவர் சொந்தக் கருத்தா, அவர் கூறாததைக் கேட்டோர் தாமே கொண்ட பொருளா என்பது வெறும் ஏட்டு வினா அன்று. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் உயிர் அதனைச் சார்ந்தது. 'எம் சபை அவ்வாறு கூறவில்லை' எனத் தாய்க்கு எடுத்துக்காட்ட ஓர் ஏடு உண்டா இல்லையா என்பதை ஆய்வாளர் அறிந்து எழுதுதல் கடமை.

இத்தகைய களத்தில் ஐந்து வினாக்கள் துணைபுரியும். முதலாவது, கூறியவர் எந்நிலையிற் கூறினார்? பேரவையின் சார்பிலா, மேடையிலா, திண்ணையிலா? இரண்டாவது, எழுத்துச் சான்று யாது? விசுவாச அறிக்கை, சட்டத்தொகுப்பு, வினாவிடை, வழிபாட்டு நூல் என்பன தேடற்குரியன. மூன்றாவது, எந்த ஆண்டில்? நான்காவது, அதே சபையில் அதனை மறுப்பார் உளரா? ஐந்தாவது, ஒருவர் அதனை மறுத்தால் சபையில் நிலைத்திருக்க இயலுமா? இவ்வைந்தனுள் இறுதி வினா மிகக் கூரியது. மறுத்தும் ஒருவர் சபையில் மதிப்போடு வாழ இயலுமாயின், அது பெரும்பாலும் கருத்தே அன்றிக் கட்டாயக் கொள்கை அன்று.

எழுதிய கொள்கையே இல்லாத தனிச்சபைகளும் உண்டு. ஆங்குத் தலைவர் வாக்கே கொள்கையாக நிற்கும். அந்நிலையிலும் ஆய்வாளர் தேடலை விடலாகாது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படியோ அறக்கட்டளையாகவோ பதிவுபெற்ற அமைப்பாயின், அதன் நோக்கங்கள் பதிவேட்டில் இருக்கும். அதுவும் இல்லையாயின், 'இன்ன ஊரில், இன்ன ஆண்டில், இச்சபைத் தலைவர் இவ்வாறு கூறினார். சபையாருள் நாம் வினவியோர் இவ்வாறு கொண்டனர்' என இருகூறாகவே எழுதவேண்டும். அளவறிந்து எழுதிய இத்தகைய ஒரு தொடர், அளவின்றி எழுதிய நூறு பக்கத்தினும் பயன் மிகும்.

முடிவுரை

பழவேற்காட்டில் பதுமநாபர் உரைத்ததை இந்திய சமயம் என ஐரோப்பியர் கொண்டதும், மதுரையில் நொபிலி கருதியதைக் கத்தோலிக்கம் என நாம் கொண்டதும் ஒரே வகைப் பிழை. தேம்பாவணியை வினாவிடை நூலாகப் படித்தலும், சாத்திரியார் வாதத்தைச் சபையின் தீர்ப்பாகக் கொள்ளலும் அதன் வகையே. கொள்கைக்கு ஆவணமும், கருத்துக்கு ஆசிரியர் பெயரும், நம்பிக்கைக்கு மக்கள் வாய்மொழியும், அணிநலத்திற்கு இலக்கிய மரபும் சான்றாகும். ஒன்றன் சான்றை மற்றொன்றற்குக் காட்டலாகாது. தேம்பாவணியின் ஒவ்வொரு படலத்தையும் இந்நோக்கில் பகுத்து, எச்செய்தி எம்மூலத்தது என அட்டவணை செய்தலும், பழவேற்காடு முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள சபைகளின் அச்சிட்ட வழிபாட்டு நூல்களைத் தொகுத்தலும் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகள். அவை நிறைவேறுமாயின், தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு உறுதியான அடிப்படையில் எழுதப்பெறும்.